திலகத்தின் ஜப்பான் கார்டுகள்

முதல் கார்டு ஒரு மீ நூடுல்ஸ் பொட்டலத்துக்குள் இருந்தது. 1979-ஆம் வருஷம். பிரிஞ்சாங் மலையூர்க் கடைத்தெருவில் சீனக் கடைக்காரர் ஆ லெங் தவுக்கே, ஜப்பானிலிருந்து வந்த மீயை மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி நசுங்கி வந்ததால் சீக்கிரம் தள்ளிவிடப் பார்த்தார். திலகம் ஒரு பொட்டலம் வாங்கி வந்து வீட்டில் பிரித்தாள். சூப் தூளோடு உள்ளங்கை அளவில் ஓர் அட்டை விழுந்தது. அதில் ஒரு பெண் தரையை விட்டு எழும்பிப் பந்தை அடிக்கப் போகிறாள். அரைக்கால் சட்டை. முழங்காலில் உறை. வாய் திறந்திருந்தது, எதையோ கத்துகிறாள். பின்பக்கம் முழுக்க ஜப்பான் எழுத்து, நடுநடுவே கோட்டுப் படங்கள். கால் எங்கே ஊன்ற வேண்டும், தோள் எப்படித் திரும்ப வேண்டும், விரல் எப்படி விரிய வேண்டும் என்று வரைந்திருந்தார்கள். அவளால் படிக்க முடிந்தது மூலையில் இருந்த எண்ணை மட்டும்தான்: 4/16.

திலகத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், மாலையானால் தோட்டத்து ஆண்கள் கைப்பந்து ஆடுவார்கள். பெண்கள் வேலியோரம் நின்று பார்க்கலாம். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனால் எடுத்துக் கொடுக்கலாம். திலகம் சிறுவயதிலிருந்தே பந்து எடுத்துக் கொடுத்தவள். அவள் போய் எடுத்தால்தான் பந்து சீக்கிரம் கிடைக்கும் என்று ஆண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவைகூட உள்ளே வந்து ஆடு என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த சம்பளத்தில் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கினாள். வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தரையில் விழுந்து பந்தை எடுக்கிறாள். இன்னொருத்தி பந்தைத் தூக்கிவிடுகிறாள்.

அம்மா இராசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பளக் காசுல ஒரு தோடு வாங்குனாளா பாரு. மீ வாங்குறா. அதயும் திங்க மாட்டேங்கிறா. வீடெல்லாம் கடப்பாசி வாடை."

"தோடு காதுல சும்மா தொங்கும்மா. இத பாரு, எப்படிப் பறக்குறா."

"நீயும் பற. எவன் வந்து கட்டிக்குவான்னு பாப்போம்."

பொட்டலத்துக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருக்கத் திலகத்தின் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வேறு வழி பார்த்தாள். கியா பார்ம் காய்கறித் தோட்டங்களில் கூலியாட்கள் மதியத்துக்கு அந்த மீயைத்தான் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கார்டுகளைக் குப்பையில் எறிந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திலகம் அங்கே போய் வெங்காயத்தாள் கட்டிக் கொடுத்தாள். கூலி வேண்டாம், கார்டு கொடுங்கள் என்றாள். முதல் நாள் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். சேற்றுக் கையோடு கார்டைத் தொட்டால் அவள் முறைக்கிறாள் என்று, கையைத் துடைத்துவிட்டுக் கொடுக்கிற அளவுக்குப் பழகினார்கள்.

பதினொன்று சேர்ந்தபோது மீ வருவது நின்றுவிட்டது.

"கம்பெனி நிறுத்திட்டான்லா," என்றார் தவுக்கே. "அந்தக் கார்டு சும்மா விளம்பரத்துக்கு. காசு குடுத்தாலும் இனி கிடைக்காது. நீ ஏன் சினிமா படம் சேக்கக் கூடாது? அது நெறைய இருக்கு."

"நெறைய இருக்கறத நான் ஏன் சேக்கணும்?" என்றாள் திலகம்.

அவள் கார்டுகளை அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உரக் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் சமதரை உண்டு. வேலை முடிந்ததும் அங்கே போய், படத்தில் இருக்கிறபடி கால் வைத்து, கை விரித்துப் பார்த்தாள். பந்து, ஆண்கள் தூக்கிப் போட்ட பழசு; தைத்து வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் செல்லம் கூட வந்தாள். செல்லம், கங்காணி காளிமுத்துவின் மகள். அவளுக்குக் கார்டு சேர்ப்பதில் ஆசை கிடையாது. அடிப்பதில்தான் ஆசை. அவள் அடித்தால் கொட்டகைத் தகரம் அதிரும். பிறகு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒரு கார்டைத் தரையில் வைத்து, காற்றில் பறக்காமல் கல் வைத்து, ஆறு பேரும் குனிந்து பார்ப்பார்கள். பிறகு எழுந்து அதே மாதிரி செய்வார்கள். தப்பாக வந்தால் மறுபடி குனிவார்கள்.

கார்டு கிடைக்க இன்னொரு வழியைக் காட்டியவள் வேலாயி அக்கா. தானா ராத்தா டவுனில் ஒரு விடுதியில் துணி துவைப்பவள். வருஷா வருஷம் அங்கே ஒக்காவா என்ற ஜப்பான்காரர் மனைவியோடு வந்து தங்குவார் என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார். வண்டு சேர்ப்பது அவர் பைத்தியம்.

"வண்டா?"

"ஆமா, கொம்பு வண்டு. உசுரோட புடிச்சுக் குடுத்தா காசு குடுக்கறாரு."

கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் இரவெல்லாம் விளக்கு எரியும். விடிகாலையில் சுவரோரம் வண்டுகள் கவிழ்ந்து கிடக்கும். பெரட்டுக்கு முன்னால் போய்ப் பொறுக்கினாள் திலகம். பால் டின்னில் ஓட்டை போட்டு, ஈர இலை போட்டு, நல்ல கொம்புள்ள மூன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒக்காவா மெலிந்த மனிதர். டின்னைத் திறந்து பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒரு வண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

திலகம் தலையை ஆட்டினாள். தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட மலாயில், "பணம் வேண்டாம். இது," என்று ஒரு கார்டைக் காட்டினாள். இல்லாத எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அவர் கார்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு; ஆனால் அது ஏளனச் சிரிப்பில்லை. வண்டைக் காட்டித் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டார். கார்டைக் காட்டி அவள் நெற்றியைச் சுட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்றார் போலிருந்தது. விலாசம் எழுதி வாங்கிக்கொண்டார்.

பார்சல் வந்து சேர மாதக்கணக்காயிற்று. பெரட்டில் எல்லார் முன்னாலும் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி பசுபதி அதைத் தூக்கிக் காட்டினார். "திலகம், ஒனக்கு ஜப்பான்ல இருந்து பார்சல்லா!" களமே திரும்பிப் பார்த்தது.

உள்ளே நான்கு கார்டுகள். பதினாறாவது இல்லை. அது ஒரே ஒரு போட்டிக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது, தேடிக் கிடைக்கவில்லை என்று ஒக்காவா தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அது கடைசிவரை அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அன்று அதைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை. சாயங்காலமே காளிமுத்து, திலகம் குடியிருந்த லயத்துக்கு வந்துவிட்டார்.

காளிமுத்து கங்காணி மட்டுமில்லை, கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அன்றும் சத்தம் போடவில்லை.

"அத எடு, பாப்போம்," என்றார்.

திலகம் கார்டுகளைக் கொண்டுவந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள்.

"எங்கண்ணன் மாடசாமிய ஜப்பான்காரன் லோரில ஏத்துனப்போ எனக்குப் பதிமூணு வயசு. லோரி பின்னாலயே ஓடுனேன். சயாம்ல ரயிலு போடக் கொண்டு போனானுங்க. திரும்பி வரல. கட்டியிருந்த துணிகூட வரல. அவனுங்க ஊருப் படத்த நீ அடுக்கி வெச்சு அழகு பாக்குற."

"எங்க தாத்தாவும் சயாமுக்குப் போனவருதான் மாமா. அவரும் வரல."

"தெரிஞ்சுமா வெச்சிருக்க?"

"இந்தப் பொண்ணுங்க அப்ப பொறக்கவே இல்ல. இவங்க யார லோரில ஏத்துனாங்க? பந்துதான் அடிச்சாங்க."

காளிமுத்து கையிலிருந்த கார்டை நடுவில் கிழித்தார். நாலாம் நம்பர். அவள் முதலில் எடுத்தது.

அழுதால் அவரிடம் தோற்றுவிடுவோம் என்று திலகம் நினைத்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா."

அவர் துண்டுகளைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"கிழிஞ்சாலும் என்னுது. என் சம்பளக் காசுல வந்தது. குடுங்க. மிச்சத்தையும் குடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம, பெரட்டுக் களத்துல நாங்க ஆடப் போறோம். ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடுனது போதும்."

"நாங்கன்னா யாரு?"

எதிர் வாசலிலிருந்து செல்லம் சொன்னாள். "நானும்தாம்ப்பா."

காளிமுத்து மகளைத் திரும்பிப் பார்த்தார். கார்டுகளை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தார்.

அவர் போன பிறகு திலகம் கிழிந்த இரண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். தாத்தாவை அவள் பார்த்ததில்லை. காளிமுத்து சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இராசம்மா அடுப்படியிலிருந்து கார்டை ஒட்ட ஒரு பிடி சோறு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சது தப்பாம்மா?"

"எங்கப்பாவ கொண்டு போனது ஜப்பான்காரன்தான். அத நான் மறக்க மாட்டேன்," என்றாள் இராசம்மா. சோற்றை விரலால் மசித்தாள். "ஒன் கார்டக் கிழிச்சது அவன் இல்லையே. புடி, நேரா புடி. கோணலா ஒட்டுனா கை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம் போயிரும்."

மறுநாள் களத்தில் வலை இல்லை. கமிட்டி ஆட்கள் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். திலகம் வீட்டுக்குப் போய்த் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்து இரண்டு கம்பத்துக்கும் கட்டினாள். செல்லம் அதில் பழைய கைலிகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். வேலியோரம் ஆண்கள் நின்று சிரித்தார்கள். "ஏய், துணி காயப் போட வந்தீங்களா?" என்றான் ஒருவன். பதிலுக்குச் செல்லம் அடித்த பந்து வேலியைத் தாண்டி அவன் காலடியில் விழுந்து, சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனது.

"எடுத்துப் போடுங்கண்ணே," என்றாள் திலகம்.

அவன் அசையவில்லை. பெண்களும் அசையவில்லை. ஆறு பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். கடைசியில் அவன் முனகிக்கொண்டே இறங்கிப் போனான். இடம் தெரியாமல் ரொம்ப நேரம் தேடினான்.

அடுத்த வாரமும் ஆடினார்கள். அதற்கடுத்த வாரமும். கமிட்டி ஆட்கள் தோட்டத்து மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். களம் தோட்டத்துக்குச் சொந்தம், யாரும் ஆடட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். காளிமுத்து அதற்கு மேல் தடுக்கவில்லை. மகளிடம், "ஆடணும்னா ஆடு. அந்தப் படம் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது," என்றார். கடைசிவரை அதே சொல்தான். திலகமும் அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் அண்ணனை அவர் மறக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வருஷக் கடைசியில் தானா ராத்தாவிலிருந்து ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. டீச்சர்களும் நர்சுகளும் சேர்ந்த குழு. தோட்டத்துப் பெண்கள் லோரியில் போனார்கள். போட்டிருந்தது அண்ணன்மார் கால்சட்டை, காலில் தம்பிமார் சப்பாத்து. முதல் ஆட்டத்தில் அவர்களால் பந்தைத் தொடக்கூட முடியவில்லை. இரண்டாவதில் செல்லம் அடித்த இரண்டு அடியை எதிர்ப்பக்கத்தில் யாராலும் எடுக்க முடியவில்லை. திலகம் தரையில் பாய்ந்து ஒரு பந்தைத் தூக்கிவிட்டாள். முழங்கைத் தோல் உரிந்தது. டவுன் ஆட்களே கை தட்டினார்கள். ஆனாலும் தோற்றார்கள்.

டவுன் குழுவின் தலைவி பரமேஸ்வரி டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க பாயறது எல்லாம் முறையா இருக்கே. யாரு சொல்லிக் குடுத்தது?"

திலகம் கார்டுகளை எடுத்துக் காட்டினாள். டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். முகம் மாறியது. "இத எங்கயும் பாத்ததில்லயே. ஒரு வாரம் குடுங்களேன், எங்க பிள்ளைங்களுக்குக் காட்டிட்டுத் தந்துடறேன். வேணும்னா வெலைக்கே வாங்கிக்கறேன்."

"வெலைக்கு இல்ல டீச்சர். கடனாவும் இல்ல," என்றாள் திலகம். ரத்தம் கசிந்த முழங்கையைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கார்டுகளை வாங்கினாள். "பாக்கணும்னா தோட்டத்துக்கு வாங்க. அங்கயே ஒரு ஆட்டமும் ஆடிடலாம்."

"அங்கயும் நாங்கதான் ஜெயிப்போம்," என்று சிரித்தார் டீச்சர்.

"வாங்களேன், பாப்போம்."

லோரி ஹாரன் அடித்தது. ஏறும்போதே செல்லம், எந்தப் பந்தை யார் விட்டது என்று சண்டையைத் தொடங்கியிருந்தாள்.