ஒன்பது கிலோவுக்கு ஒரு கரியர்

என் மனிசி மனோரமா செத்த அன்றும் நான் அழவில்லை, எரித்த அன்றும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றும் அழவில்லை. வந்த சனமெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, பஸ் வருமா வராதா என்று ரோட்டைப் பார்ப்பதுபோல. மெல்பேர்னில், த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் சிநேகிதர் மகாதேவன் என் தோளைப் பிடித்து, "அழுங்கோ அரியரத்தினம், அழுதாத்தான் ஆறும்" என்றார். அழுகை என்ன தண்ணிப் பைப்பா, திறந்துவிட? எரிச்சல்கூட எனக்கு முழுசாக வரவில்லை. "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

அவள் போனபிறகும் சோறு இறங்கியது. நித்திரை வந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், செய்தி பார்த்தேன். இதென்ன மரக்கட்டை மனிசன் என்று என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள்மேல் எனக்கு இருந்தது அன்புதானா, இல்லை வெறும் பழக்கம்தானா என்ற கேள்வி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் போய் யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

சிட்னியில் இருக்கும் மகள் சந்திரிகா ஒருநாள் போனில் கத்தினாள். "அப்பா, நீங்க ஆன்சரிங் மெஷின் மாதிரிக் கதைக்கிறீங்க. ஐ ஆம் ஸ்கேர்ட். வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ." யோசிப்பம் என்றேன். யோசிக்கவில்லை.

கிளேட்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் குணசீலன். மலேசியாக்காரன், சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் இறுக்கமான காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் இறங்கும்போது மனோ ஜன்னல் சீலையை மூடிவிடுவாள். அவன்தான் வந்து நின்றான்.

"அண்ணே, ரெண்டு நாள் சைக்கிள் ரைட். லில்லிடேல்ல இருந்து வார்பர்ட்டன். தண்டவாளத்தை எடுத்துட்ட பழைய ரயில் பாதை, பெரிய மேடெல்லாம் கிடையாது. அங்க டெண்ட் போட்டுப் படுக்கிறோம், மறுநாள் திரும்புறோம். வாங்கண்ணே."

மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். ஓம் என்றேன்.

என்னிடம் இருந்தது சந்திரிகா என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த மலைச் சைக்கிள். பின்சில்லுக்குத் தனியாக ஸ்பிரிங் வைத்த வகை. அதற்குப் பின்னால் சாமான் கட்டக் கரியர் இல்லை. குணசீலன் என்னையும் சைக்கிளையும் காரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனான். அங்கே நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கால் வைத்த கரியர் பூட்ட இதில் ஓட்டை இல்லை, பூட்டினாலும் ஸ்பிரிங் ஆடும்போது கழன்றுவிடும், சீற்றைத் தாங்கும் குழாயில் மட்டும் கவ்விக்கொண்டு நிற்கிற கரியர்தான் சரி என்றாள்.

அதில் இரண்டு வகை கொண்டுவந்து காட்டினாள். ஒன்று நெம்பை மடக்கினால் பூட்டும், விரித்தால் கழலும். மற்றது நான்கு போல்ட் போட்டு இறுக்குவது.

"எப்பவாவது ஒருக்காத்தானே போகப் போறீங்க, சட்டுனு கழட்டுறதை எடுங்கண்ணே" என்றான் குணசீலன்.

நெம்பு வைத்தது குலுங்கக் குலுங்கப் பக்கவாட்டில் திரும்பிவிடும், பாதை சரளை என்றால் போல்ட்தான் நல்லது என்றாள் அவள். இரண்டிலும் ஒட்டியிருந்த சீட்டு ஒன்றுதான்: ஒன்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது.

"டெண்ட், அடுப்பெல்லாம் நான் தூக்குறேன். நீங்க படுக்கிற பையும் ரெண்டு உடுப்பும் கொண்டாந்தா போதும். குக்கரைத் தூக்கிட்டு வந்துடாதீங்க."

நான் போல்ட் வைத்ததைச் சைக்கிளில் பூட்டச் சொன்னேன். பூட்டி முடிந்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து என் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, கை தானாகப் போனது. சீற்றே ஒருபக்கம் இழுபட்டது. அவள் சிரித்தாள்.

"நோ டிங்கிங் ஆன் திஸ் ஒன், லவ்!"

டிங்கிங் என்றால் மெல்பேர்ன்காரர் வாயில், சைக்கிளில் இன்னொரு ஆளை ஏற்றிப்போவது. அந்தச் சொல்லை நான் படித்த விதம் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். எண்பத்து நாலில் நான் இங்கே ஆராய்ச்சி மாணவனாக வந்த புதிது. கார் இல்லை. இரும்புக் கரியர் வைத்த ஒரு பழைய சைக்கிள்தான் குடும்ப வாகனம். நான் காலை முன்பாருக்கு மேலால் தூக்கிப் போட்டு ஊன்றிக்கொண்டு நிற்பேன். மனோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டாக ஏறி இருப்பாள். என் முதுகில் தட்டி "ஏறிட்டன்" என்பாள். அதற்குப் பிறகுதான் பெடலை மிதிப்பேன்.

ஒருநாள் வெலிங்டன் ரோட்டில் பொலிஸ்காரன் மறித்தான். "நோ டிங்கிங், மேட்." எனக்கு அது 'நோ ட்ரிங்கிங்' என்று கேட்டது. எனக்கு வந்ததே கோபம்! "சேர், என் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. நான் சைவம்! ஊதிக் காட்டட்டுமா?" என்று ஆங்கிலத்தில் பாய்ந்தேன். அவனுக்கு மீசை துடித்தது. மனோ சிரித்த சிரிப்பில் அரிசி முழுக்க ரோட்டில் கொட்டுண்டது. எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் அவள் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. "நான் சைவம்" என்ற இடத்தில் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கடையில் அந்தச் சொல் காதில் விழுந்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மற்ற ஆளின் கதைபோல எல்லாம் ஞாபகம் வந்து போனது. "பை கட்டக் கயிறு இருக்கா?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை லில்லிடேலில் காரால் இறங்கினோம். குளிர். யாரோ நாயோடு நடந்து போனார்கள். குணசீலன் என் பையைக் கரியரில் நிறுத்தி வைத்துக் கட்டிவிட்டு முன்னால் போனான். நான் வழக்கம்போல் காலைப் பின்பக்கத்தால் வீசினேன். சப்பாத்துக் கால் பையில் இடித்தது. பை அவ்வளவு உயரம். சனியன் என்று திட்டிவிட்டு, காலை முன்பாருக்கு மேலால் தூக்கிப் போட்டு ஊன்றிக்கொண்டு நின்றேன்.

நின்றேன். வலது கால் பெடலில் இருந்தது. கை பிரேக்கைப் பிடித்திருந்தது.

"அண்ணே, ஏன் நிக்கிறீங்க? வாங்க!"

"பொறும்" என்றேன். "மனோ இன்னும் ஏறேல்ல."

சொன்னபிறகுதான் என் காதில் அது விழுந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினேன். நைலோன் பை. என் முதுகு ஒரு தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது, நான் நிமிரச் சொன்னாலும் அது நிமிரவில்லை. ஐயோ மனோ என்றேன். ஐயோ என்ர மனோ. அந்த நாய்க்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் எடுத்து அழுதேன். மூக்கு வழிந்தது, துடைக்கவில்லை. பழக்கமாவது மண்ணாங்கட்டியாவது.

குணசீலன் தன் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடி வந்தான். பாவம், என்னை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் கரியரைப் பிடித்துக்கொண்டான். அவன் கையின் பாரம் எனக்குச் சீற்றில் தெரிந்தது. அவ்வளவு காணாது. மனோ இதைவிடப் பாரம்.