ஆயுத பூஜைக்கு நிற்காத சர்வர்

கப்பலூரில் ரப்பர் சீல் செய்யும் எங்கள் கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று முடிவானது. அதை எந்த சர்வரில் வைப்பது என்பதில்தான் சண்டை. முதலாளி ராமமூர்த்தி சாரின் மருமகன் வெங்கடேஷ்பாபு கம்ப்யூட்டர் விற்பவர். விண்டோஸ் சர்வர் ஒன்றை வாங்கி ஆபீசிலேயே வைக்கச் சொன்னார். கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டர் இன்ஜினீயரான நான், அமெரிக்காவில் வாடகைக்குக் கிடைக்கும் லினக்ஸ் சர்வரே போதும் என்றேன்.

"கண்ணுல பாக்காத மெஷினை எப்படிம்மா நம்புறது?" என்றார் முதலாளி.

"ஆபீசுல வச்சா ஆயுத பூஜைக்கு நின்னுருமே சார்."

மாமனாரும் மருமகனும் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாஷை புரியாவிட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாம கேட்டிருக்கிற ஜெர்மனி ஆர்டர் வர்ற வரைக்கும் ரெண்டு சர்வரும் ஓடட்டும்," என்றார் முதலாளி. "உன்னோடது தோத்துட்டா, சத்யப்ரியா, மாப்பிள்ளையே எல்லாத்தையும் பாத்துக்கிருவாரு. நீ வேற எடம் பாத்துக்க."

கம்பெனி பெயரிலான வெப்சைட் முகவரியை மருமகனின் சர்வருக்குக் கொடுத்தார்கள். என் லினக்ஸிலும் அதே வெப்சைட்தான், ஆனால் யாருக்கும் தெரியாத வேறொரு முகவரியில்.

ஆயுத பூஜையன்று முதலாளியே மெயின் சுவிட்சை அணைத்தார். பிரஸ், கம்ப்ரசர், சர்வர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. தீபாராதனை முடிகிற நேரம் போன் அடித்தது. ஜெர்மன் கம்பெனியின் சென்னை ஏஜென்ட். ஜெர்மனியில் எங்கள் சீல்களின் டிராயிங் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்களாம், வெப்சைட் திறக்கவில்லையாம். இன்று பார்க்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

வெங்கடேஷ்பாபு சுவிட்சுப் பக்கம் ஓடினார்.

"தொடாதீங்க மாப்ள. பொட்டு வச்ச மெஷினை நாளைக்குத்தான் எடுக்கணும்." முதலாளி குறுக்கே வந்து நின்றார்.

"ஜெர்மனிக்காரனுக்கு ஆயுத பூஜை தெரியுமா மாமா?"

நான் போனை வாங்கி, என் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எல்லாரும் போனைச் சுற்றியே நின்றோம். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

மறுபடி போன் அடித்தது. முதலாளி எடுத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"எல்லா டிராயிங்கும் பாத்துட்டானுகளாம். ஆர்டர் நமக்குத்தான்."

இம்முறை வெங்கடேஷ்பாபுவைப் பார்த்து நான் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், மறைக்கத் தோன்றவில்லை.

முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு என் மேஜைக்கு வந்தார். "உன் சர்வருக்கு எங்கம்மா பொட்டு வைக்கிறது?"

"அது அமெரிக்காவுல ஓடிக்கிட்டு இருக்கு சார்."

அவர் திரும்பிப் போய், சரஸ்வதி படத்திலிருந்த மாலையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப அதுக்குச் சேர வேண்டிய மரியாதையை நீ வாங்கிக்க."