இரண்டாம் ராத்திரி தங்கும் இடம்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி ஆஸ்வின் அனுப்பிய படங்களை, திண்டிவனம் வீட்டில் உட்கார்ந்து டயானா பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது. அங்கேயோ வெயில் தணிந்து, பாலைவனத்தில் நடக்கத் தோதான காலம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே வறண்ட ஆற்றுத் தடம். அதற்குள் மூன்று நாள் நடப்பதாகத் திட்டம். ஆஸ்வின், அவனுடைய அறைத் தோழன் பிரவீன்குமார், டீச்சர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகவிருந்த டயானா. இதற்காகவே அவள் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு பெருமுக்கல் மலை ஏறி இறங்கினாள்.

ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. இரண்டாம் ராத்திரி டென்ட் போட வேண்டிய மணல் திட்டு. அதற்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், பாறை இடுக்கில் ஒரு காய்ந்த மரக்கட்டை சிக்கிக்கொண்டிருந்தது.

வீடியோ காலில் கேட்டாள். "அந்தக் கட்டைய யார்ரா அங்க சொருகினது?"

"எந்தக் கட்டைக்கா?"

"மரமே இல்லாத எடத்துல, அவ்ளோ ஒசரத்துல! தண்ணி கொண்டாந்து வெச்சிருக்குடா."

பிரவீன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, இது பாலைவனம். குடிக்கிற தண்ணியையே நாமதான் தூக்கிக்கினு போறோம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புயல் அடித்த வருடம் விழுப்புரம் பக்கம் ஆற்றோரத் தெருவில் வாடகைக்கு இருந்தாள். மழை விட்டு வெயில் அடித்த பிறகுதான் தண்ணீர் ஏறியது. வடிந்ததும் பார்த்தால், மின்கம்பியில் வைக்கோல் தொங்கியது.

"மேல ஏறிப் படுப்போம்னு சொல்லுங்க. இல்லன்னா நான் வரல."

"மேல பூரா கல்லுக்கா, ஒரே பேஜாரு. முதுகு என்னாத்துக்கு ஆவும்?" என்றான் பிரவீன்.

"பாத்துக்கலாம்கா," என்று மட்டும் சொன்னான் ஆஸ்வின்.

அந்தப் பதில்தான் அவளைப் பயமுறுத்தியது. டிக்கெட்டை ரத்து செய்தாள். தம்பி கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்தினான்.

அவர்கள் கிளம்பியது பிரவீனின் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. உள்ளே சிக்னல் இருக்காது என்று தெரிந்தும், பள்ளியில் வகுப்புக்கு நடுவே அழைத்து அழைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் மேல படுத்துக்கினேன்." ஆஸ்வினின் குரல். "அவன் மணல்லயே படுத்துக்கினான். எவ்ளோ கூப்டேன். விடியக்காலம் சத்தம் கேட்டுச்சு, லாரி வர்ற மாதிரி. ஒரு தூறல் கூட இல்லக்கா. எங்கயோ மலையில பேஞ்சிருக்கு."

"பிரவீன் எங்கடா?"

"இப்பதான் பாடிய எடுத்தாங்க. அவங்கம்மாகிட்ட போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீ நேர்ல போக்கா."

பிரவீனின் வீடு இருந்த ஓமந்தூர் வரை நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் போனாள். வாசலில் குவித்திருந்த மல்லாட்டைக் கடலையைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்த அவன் அம்மா முனியம்மாள், டயானா ஹெல்மெட்டைக் கழற்றியதும் அடையாளம் கண்டு சிரித்தாள்.

"வாம்மா. அங்கெல்லாம் மழையே கெடையாதாமே, எம்புள்ள சொல்லிச்சு. குடுத்து வெச்ச ஊரு. ஜல்தியா அந்தப் பக்கம் புடி."

டயானா தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்து, கல் வைத்தாள். பிறகு முனியம்மாளின் ஈரக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அம்மா, உள்ள வந்து உக்காருங்க," என்றாள்.