ஆறு கட்டத்துப் பூ

பாலுசாமிக்குச் சாவதற்குள் ஒரே ஒரு ஆசை: ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் தன் பெயர் வரவேண்டும். மகன் பெங்களூரில் வீடு கட்டியதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே, 'சரியான விடை எழுதியவர்கள்' என்று பொடி எழுத்தில் ஒரு வரிசை போடுவார்களே, அதில் 'பாலுசாமி, மூலனூர்' என்று இருந்தால் போதும். மூன்று வருஷமாகத் தபால் அட்டை போடுகிறார். தபால்காரர்தான் அலுத்துப்போனார்.

அந்த வாரம் புதிர் முழுக்கப் பூவும் செடியும். விவசாயியிடமா பூவைப் பற்றிக் கேட்கிறார்கள்! இந்தியாவின் தேசிய மலர் தாமரை. வங்கதேசத்துக்கு அல்லி. நெதர்லாந்துக்கு டூலிப் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். நெதர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் கேட்காதவரை அவர் மேதைதான்.

'தமிழ்நாட்டின் மாநில மலர்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆறு கட்டம். மூன்றாவதில் 'கா' மட்டும் விழுந்திருந்தது.

பேப்பரும் பேனாவுமாகத் தோட்டத்துக்குப் போனார். நான்கு ஏக்கர் கண்வலிக்கிழங்கு, பந்தல் கம்பி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. அதன் விதை மருந்துக் கம்பெனிக்குப் போவதால் அவருக்கு அது பூவே இல்லை, வெள்ளாமை. கூலிக்கு வந்த பொற்கொடியும் இன்னும் நாலு பெண்களும் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டுவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, காலையிலயே என்ன ரோசனை?" என்றாள் பொற்கொடி.

"இதெல்லாம் படிச்சவீங்க சமாச்சாரம் அம்மணி. நீ சோலியப் பாரு."

கல்லூரியில் காமர்ஸ் நடத்தும் மகள் பிரவீனாவுக்குப் போன் போட்டார். "செல்லுல தேடிப் பாருங்கப்பா" என்றாள். அது களவு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மகளிடம் கேட்பது எந்தக் கணக்கில் சேருமோ, அவருக்கே வெளிச்சம்.

கடைசியில் 'கனகாம்பரம்' என்று எழுதினார். ஏழு எழுத்து. அதனாலென்ன, டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்காருவதில்லையா? கடைசிக் கட்டத்தில் இரண்டு எழுத்தை நெருக்கி உட்காரவைத்து அட்டையைத் தபாலில் சேர்த்தார்.

மறுவாரம் விடை வந்தது: செங்காந்தள். வரிசையில் இவர் பெயர் இல்லை. அன்றைக்கே ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்: 'நாற்பது வருஷமாக மண்ணில் கிடக்கிறவன் நான். செங்காந்தள் என்றொரு பூவை எங்கள் பக்கம் ஒருத்தரும் கண்டதில்லை. இல்லாத பூவைக் கேட்டு விவசாயிகளை அவமதிக்க வேண்டாம்.'

அடுத்த ஞாயிறு அது அப்படியே அச்சாகிவிட்டது. பெயரைப் பார்த்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையிலிருந்த பன்னிரண்டு பேப்பரையும் வாங்கி, டீக்கடையிலிருந்து பால் சொசைட்டிவரை பதினொன்றைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றோடு தோட்டத்துக்கு வந்தார். பூக்களுக்கு நடுவே நின்று உரக்கப் படித்தார். 'பாலுசாமி, கண்வலிக்கிழங்கு விவசாயி, மூலனூர்' என்பதுவரை குரல் கணீரென்று வந்தது. கீழே ஆசிரியர் குறிப்பு ஒன்று இருந்ததை அப்போதுதான் கண்டார். பேப்பரை அவசரமாக மடிக்கப் பார்த்தார்.

"அப்பறம் என்னங்க போட்டிருக்குது?" பொற்கொடி பேப்பரை வாங்கிப் படித்தாள். "செங்காந்தளும் கண்வலிக்கிழங்கும் ஒரே செடி. வாசகர் தம் தோட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்."

யாரும் சிரிக்கவில்லை. கூலிக்கு வந்தவர்கள் அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

"உனக்கு இது முன்னயே தெரியுமா?"

"எம்பட புள்ள அஞ்சாவது படிக்கையிலயே பொஸ்தகத்துல படத்தைக் காட்டுனாளுங்க. அன்னிக்கே சொல்லியிருப்பனுங்க. படிச்சவீங்க சமாச்சாரம்னு சொல்லிப்போட்டீங்க" என்றவள், அடுத்த பூவுக்கு நகர்ந்தாள்.

பாலுசாமி பேப்பரைத் திரும்ப வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். மற்ற பதினொன்றும் அந்நேரம் ஊருக்குள் கைமாறிக்கொண்டிருந்தன. பெயரை மட்டும் ஒரு பிழையில்லாமல் போட்டிருந்தார்கள்.