பேபி வசுமதியின் குரல்

பேபி வசுமதி வாயைத் திறந்தால் குரல் எங்கள் பிலோமினா அக்காவிடமிருந்துதான் வரும். இதை எனக்கு முதலில் சொன்னது அக்காதான், என் சின்ன மகளுக்கு மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை. வசுமதி ஆறு வயதில் நடித்த படங்களுக்கெல்லாம் அக்காதான் டப்பிங் பேசினார். படங்கள் முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வசுமதிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பேபி என்ற பட்டம் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா, நகைக்கடைத் திறப்பு என்று எங்காவது ஒரு ஊரில் மைக்கைப் பிடிப்பாள். இங்கே சாலிகிராமத்தில் எங்களோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும் அக்கா பாதி ஜெபத்தில் நிறுத்தி, பிஞ்சுக் குரலில், "எனக்கு ஒண்ணும் வேணாம்மா, எல்லாரும் நல்லா இருந்தாப் போதும்" என்பார். அது முடிகிறவரை மணியைப் பிடித்தபடி காத்திருப்போம். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்வோம்.

"ஊர் ஊராப் போறது அவ, தொண்டை கட்டுறது எனக்கு" என்பார் அக்கா.

வசுமதி எங்கள் எதிர்வீட்டு மாடியில் இருக்கிறாள், தனியாக. விடியற்காலை ஜெபிக்க நான் எழும்போதெல்லாம் அங்கே விளக்கு எரியும். அந்தப் பிள்ளைக்குத் தூக்கமே கிடையாது. அதைச் சொல்ல ஒரு டாக்டரிடம் போய் வாயைத் திறந்தாள். "எல்லாரும் நல்லா இருந்தாப் போதும்" என்று வந்தது. டாக்டர் கண் கலங்கி, நர்சைக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஃபீஸ் வாங்காமல் அனுப்பிவிட்டார். அடுத்த டாக்டரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் ஆட்டோகிராஃப் என்று கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மத்தியானம் அக்கா வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். நான் அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்தது. அக்கா வழக்கம்போல, "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"உதடு சேரலையே" என்றார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "முகத்தைப் பாக்காம இத்தனை வருஷமா பழைய வசனத்தையே பேசிட்டிருந்திருக்கேன். மறுபடி சொல்லு பாப்பா."

வசுமதி சொன்னாள். அக்கா அவள் உதட்டையே பார்த்து, அதே பிஞ்சுக் குரலில் மெல்லப் பேசினார்: "தூக்கம் வரலக்கா. சாப்பிடப் பிடிக்கல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

வசுமதி தலையாட்டினாள். அவள் கன்னத்தை நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"இன்னொரு டேக் போலாமா?" என்றார் அக்கா.

வேண்டாம் என்றது உதடு. அதையும் அக்காவேதான் பேசினார்.

மறுநாள் இருவருமாக அந்த முதல் டாக்டரிடமே போனார்கள். இந்த முறை அவர் முழுவதும் கேட்டு மாத்திரை கொடுத்தார். வரும் வழியில் அக்கா, "என் தொண்டை இன்னும் எத்தனை காலம் தாங்கும் பாப்பா? உன் சொந்தக் குரல் எங்க?" என்று கேட்டிருக்கிறார். படப்பிடிப்பில் பதிவு செய்த குரலைப் பழைய ஸ்டுடியோவில் எங்கோ போட்டு வைத்ததாக வசுமதிக்கு ஞாபகம். அக்கா போன் செய்து கேட்டார். இங்கேதான் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன் என்றாராம் வாட்ச்மேன்.

இன்று காலை அந்தக் குரல் வீடு மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மோர் கொடுத்தேன், குடித்தது. "தூக்கம் வருதும்மா, வீட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொல்கிறது. அன்றைக்குக் கேமரா முன்னால் வசனத்துக்குப் பதில் இதைத்தான் சொல்லியிருக்கிறது. அதன் மேல்தான் அக்கா பேசியிருக்கிறார்.

எனக்கு அடுப்பில் பருப்பு வேகிறது. அதற்கு ஆறு வயசுதான், ரோடு தாண்டத் தெரியாது. நீங்கள் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எதிர்வீட்டு மாடியில் வசுமதியிடம் விட்டுவிடுங்கள்.