ஐந்து கரண்டிச் சேலைன்

தேற்றாத்தீவில் சேலைன் ஏறாத நோயை யாரும் வருத்தமாக எடுப்பதில்லை. போத்தல் தொங்கினால்தான் ஊர் திராட்சைப் பழத்தோடு பார்க்க வரும். போன மாதம் கோயில் தலைவர் வினாயகமூர்த்திக்கு டெங்கு வந்து மூன்று போத்தல் ஏறியது. அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் நல்லரத்தினம் களைத்துக் கிடந்தார்.

"உடம்பில சத்தே இல்ல மகள். ஒரு குளுக்கோஸ் சேலைன் ஏத்திவிடு" என்று மருமகள் யசோதினியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரித் தாதி.

அவருக்குப் பதினோரு வருடமாக நீரிழிவு. அதை ஒரு விரதம்போல நடத்தினார். எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வருமுன்பே தனக்குச் சீனி கூடாதென்று அறிவிப்பார். கலியாண வீட்டில் லட்டைத் தள்ளிவைக்கும்போது அரசைத் துறந்தவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். அவர் முன்னால் யாரும் சீனி போட்டுக் குடிக்கக் கூடாதென்று வீட்டுச் சீனிப் போத்தல் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. மணமாகி வந்த யசோதினியும் எட்டு வருடமாகச் சீனி போடாத வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறாள். உனக்கு எப்படி வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு அதுதான் அவளுக்குப் பிடிக்குமென்று எல்லாரும் நம்பினார்கள். சில நாள் அவளும்.

யசோதினி மாமாவின் விரலில் குத்திச் சீனி பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. இரத்தத்தில் சீனி கூடித்தான் இந்தக் களைப்பு, குளுக்கோஸ் சேலைன் சாப்பிட முடியாமலும் சீனி இறங்கியும் கிடப்பவர்களுக்கானது, காலையில் ஏழு இடியப்பம் சாப்பிட்டவருக்கு எதற்கு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். வாயால் போவதுதான் சீனி, ஊசியால் போவது மருந்து என்பது அவர் கட்சி. மாமி சீதேவிப்பிள்ளை அவளைக் குசினிக்குள் அழைத்து, ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவளுக்கு மாமாவுக்குப் போட மட்டும் கை வராதோ என்று மெல்லக் கேட்டாள்.

பின்னேரம் அவரே பாமசியில் அரை லீற்றர் சேலைன் போத்தலொன்றை வாங்கிவந்து, யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டார். சொல்லியனுப்பியிருந்தபடியால் வினாயகமூர்த்தியும் திராட்சையோடு வந்து கதிரையில் இருந்தார்.

"இன்னும் ஏத்தல்லியா? எனக்கு மூண்டு ஏறின" என்றார்.

யசோதினி போத்தலைப் பார்த்தாள். ஏற்றாவிட்டால் மாமாவை ஊரார் முன் குறைத்தவள். ஏற்றினால், சீனியில் ஊறிய உடம்புக்குள் தன் கையாலேயே மேலும் சீனி விட்டவள். எட்டு வருடம் பேசாதிருந்த பழக்கம் கையை ஊசிப் பக்கம் இழுத்தது. ஆனால் அவள் போய் மாமியிடம் அலுமாரித் திறப்பைக் கேட்டு வாங்கினாள்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் சீனிப் போத்தலுமாகத் திரும்பி வந்து, எல்லாரும் பார்க்க, ஐந்து கரண்டி நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"அந்தப் போத்தலுக்குள்ள கிடக்கிறது இவ்வளவு சீனிதான் மாமா. மிச்சம் தண்ணி. நீங்க கேக்கிற சத்து இதுதானெண்டா, ஊசி எதுக்கு?"

வினாயகமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழும்பிப் போத்தலை வாசித்தார்.

"ஓம். அஞ்சு வீதம் எண்டுதான் போட்டிருக்கு" என்றார். குரலில் கவலை இருக்கவில்லை.

நல்லரத்தினம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அவர் முகத்தில் பட்டது. பதினோரு வருடத் துறவு மெல்லக் கழன்றது.

"அப்ப சேலைன் வேணாம் மகள்" என்று கையை நீட்டினார்.

யசோதினி கோப்பையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"ஓட்டோவுக்குச் சொல்றன். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்க மாமா."

பிறகு அங்கேயே நின்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தாங்க முடியாத இனிப்பு. நாளையிலிருந்து இரண்டு கரண்டி போதுமென்று நினைத்துக்கொண்டாள். அலுமாரித் திறப்பை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.