கசங்கியபடியே அனுப்பு

அக்காவுக்கு மறுநாள் காலை காதிலுள்ள கட்டிக்கு அறுவை சிகிச்சை. ஒரு காது ஏற்கெனவே கேட்காது. கட்டியை எடுத்த பிறகு இன்னொன்றும் கேட்குமா என்பதற்கு மருத்துவர் உறுதி தரவில்லை.

தம்பி வானொலியில் ஒலிப்பொறியாளர். அவள் வயலின் வாசித்த இசைக்குழுவின் சிம்பொனியை அன்று மாலை அரங்கிலிருந்து நேரடியாக ஒலிபரப்புவது அவன் பொறுப்பு. அதில் ஓரிடத்தில் கருவிகள் ஒவ்வொன்றாக அடங்கி, டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவி மட்டும் மூச்சுவிடுவதுபோல் நிற்கும். அடுத்த நொடி ட்ரம்பெட், ஹார்ன் என்று ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். எத்தனை முறை வாசித்தாலும் அவளுக்கு அங்கே சிலிர்க்கும். அன்று மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வானொலியில்தான் கேட்கப்போகிறாள்; மாலைக்கு முன்பே அவனைப் போனில் பிடித்தாள்.

"உன் ரேடியோல கேட்டா சிலிர்ப்பே வரமாட்டேங்குதுடா. மெதுவானதைத் தூக்கி, சத்தத்தை அமுக்கி, இஸ்திரி போட்டு அனுப்புறே."

"கார்ல போறவங்களுக்கும் கேக்கணும்லக்கா?"

"அவங்க ரோட்டைப் பாத்து ஓட்டட்டும். இன்னிக்கு மட்டும் கசங்கினபடியே அனுப்பு."

அந்த இடம் வந்ததும் அவன் ஒலியளவுக் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டான். டபுள் பாஸ் தேய்ந்தது. ஒலிக்கலவை மேசையில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அப்போதுதான் நினைவு வந்தது: சில விநாடி சத்தம் இல்லையென்றால், இணைப்பு அறுந்துவிட்டதென்று நிலையத்துக் கருவி பதிவு செய்த பியானோவைத் தானாகப் போட்டுவிடும். மெதுவானதைத் தூக்கியே பழகியவன், அந்தக் கருவியை நிறுத்தி வைக்கச் சொல்ல மறந்திருந்தான்.

நிலையத்திலிருந்து நண்பன் கூப்பிட்டான். "யோவ், உன் லைன் செத்துப்போச்சா?"

"உயிரோடதான்யா இருக்கு!"

டபுள் பாஸைத் தூக்கினால் அக்காவுக்கு மிஞ்சுவது இஸ்திரிதான். தூக்காவிட்டால் பியானோ. பார்வையாளர் பக்கத்து மைக்கை இருமலுக்குப் பயந்து எப்போதும் மூடியே வைப்பான். அதைத் திறந்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்.

விளக்கு அணைந்தது. ட்ரம்பெட்டுகள் எழுந்தன. ஒலியளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவன் கைகள் மடியிலேயே இருந்தன.

கச்சேரி முடிந்ததும் அக்கா அழைத்தாள்.

"எவன்டா அவன், அந்த நேரம் பாத்து இருமினவன்?"

"அவர் இருமலேன்னா உனக்குப் பியானோதான் வந்திருக்கும்." விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப அவன் நல்லா இருக்கட்டும்" என்றாள். "கைமுடி நட்டுக்கிட்டு நிக்குதுடா. இன்னும் படுக்கல."